இரவில் பத்திரம் அடிக்க ஒளிரும் மெக்கானிக்கல் கீபோர்டு: எந்த நிறுவனத்துடையதை வாங்கலாம்?

பாளை முல்லை:
அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு வேலை பார்க்கிறேன். பகலில் அலுவலகம், முடியாத வேலையை இரவில் வீட்டில் லேப்டாப்பில் முடிக்கிறேன். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் என்று பக்கம் பக்கமாகத் தமிழ்தான், தமிழ்99 என்ற விசைமுறையில். லேப்டாப் விசைகள் தட்டையாக இருப்பதால் நள்ளிரவுக்குள் விரல் நுனியெல்லாம் எரிகிறது. நல்ல மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்று வாங்க வேண்டும்.

வீட்டில் இருப்பது ஒரே அறை. மகளும் மாமியாரும் அங்கேயே தூங்குவதால் விளக்குப் போட முடியாது. ஆகவே விசைகள் ஒளிர வேண்டும், சத்தமும் வரக் கூடாது. சர்வே எண்ணும் ஏர்ஸ் என்ற நில அளவுக் கணக்கும் ஓயாமல் வரும் என்பதால் வலப்பக்கத்து எண் பகுதி கட்டாயம். ஆறாயிரம் ரூபாய் வரை போகலாம். டிவிஎஸ், கீக்ரான், லாஜிடெக், ரெட்ராகன், காஸ்மிக் பைட் என்று பெயர்களைப் பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடுகிறது. எந்த நிறுவனத்தை நம்பலாம்?

குறுங்குடி ஆசிரியர்:
அம்மா, தட்டச்சுப் பயிலகம் நடத்தி எத்தனையோ பிள்ளைகளை இளநிலை, முதுநிலைத் தேர்வுகளுக்கு அனுப்பியவன் என்ற முறையில் சொல்கிறேன். டிவிஎஸ் கோல்டைத் தவிர வேறெதையும் பார்க்காதீர்கள். பில் போடும் கடைகளிலும் அலுவலகங்களிலும் ஆண்டுக்கணக்கில் அடி வாங்கி இன்னும் உழைக்கின்ற கீபோர்டு அது. உள்ளே ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருப்பது செர்ரி நிறுவனத்தின் நீலச் சுவிட்ச். அழுத்தம் பதிந்த கணத்திலேயே விரலுக்கும் காதுக்கும் தெரிந்துவிடும். பழைய ரெமிங்டன் தட்டச்சுப் பொறியில் பழகிய கைக்கு அதுதான் பொருந்தும். டிவிஎஸ் குழுமத்தை நிறுவிய சுந்தரம் அய்யங்கார் 1877-ல் எங்கள் திருக்குறுங்குடியில் பிறந்தவர். ஆனாலும் ஊர்ப்பாசத்தால் இதைச் சொல்லவில்லை. பொருளின் உழைப்பைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

தச்சை மாணவன்:
ஐயா, டிவிஎஸ் கோல்டின் உழைப்பில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதில் விளக்கு கிடையாது, நீலச் சுவிட்சின் சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். அக்கா கேட்ட இரண்டுமே அதில் இல்லையே.

என்னிடம் ரெட்ராகன் இருக்கிறது. பல நிறங்களில் எரியும், விளையாட்டுக்கு அருமையாக இருக்கிறது. நண்பர்களிடம் உள்ள ரேசர், கோர்சேர் இரண்டையும் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ரேசர் 2014 முதல் தன் பெயரிலேயே சுவிட்ச் போடுகிறது. கோர்சேர் பல மாடல்களில் செர்ரி சுவிட்சைப் பயன்படுத்துகிறது. கட்டமைப்பு இரண்டிலும் உறுதி. ஆனால் பணத்தின் பெரும்பகுதி விளையாட்டு வசதிகளுக்கும் அவற்றின் மென்பொருளுக்கும் போய்விடுகிறது. பத்திரம் அடிப்பவருக்கு அது தேவையா என்பதை மூத்தவர்கள் சொல்லட்டும்.

மத்தளம்பாறை:
தென்காசிப் பக்கம் மென்பொருள் வேலையில் இருக்கிறேன், இரவுப் பணி எனக்கும் பழக்கம். பாளை முல்லை அக்கா, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். கீபோர்டை விற்கும் நிறுவனம் வேறு, உள்ளே இருக்கும் சுவிட்சைச் செய்யும் நிறுவனம் வேறு. விரல் தினமும் தொடுவது இரண்டாவதைத்தான். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது முதலாவதை.

செர்ரி 1953-ல் அமெரிக்காவில் தொடங்கிப் பின்னர் ஜெர்மனிக்குப் போன நிறுவனம். எண்பதுகளில் அவர்கள் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்ச்தான் இன்றுள்ள பெரும்பாலானவற்றுக்கு மூலம். அதன் காப்புரிமைக் காலம் முடிந்தபின் சீனாவின் கேட்டரான், கைல், அவுட்டெமு போன்ற நிறுவனங்கள் அதே அமைப்பில் செய்யத் தொடங்கின. விலை இறங்கியது அதனால்தான். இன்று கேட்டரானின் வழவழப்பு செர்ரியையே மிஞ்சுகிறது என்பவர்கள் ஏராளம். என் விரலும் அந்தக் கட்சிதான்.

நிறக் கணக்கு மிக எளிது. சிவப்பு தடங்கலின்றி நேராக இறங்கும். பழுப்பில் நடுவில் சிறு தட்டல் தெரியும். நீலத்தில் அந்தத் தட்டலோடு சொடுக்குச் சத்தமும் வரும். செர்ரி கணக்கில் சிவப்புக்கு 45 சென்டிநியூட்டன் (ஏறக்குறைய 45 கிராம்) அழுத்தம், நீலத்துக்கு 60. சிவப்பு 2 மில்லிமீட்டர் இறங்கும்போதே எழுத்து விழுந்துவிடும், முழு ஆழம் 4 மில்லிமீட்டர். அடிவரை இடிக்கத் தேவையே இல்லை. விரல் எரிச்சலுக்கு உண்மையான மருந்து இதுதான்.

உங்கள் வீட்டுக்கு நீலம் ஆகாது. 'சைலன்ட் ரெட்' என்று ஒரு வகை இருக்கிறது. உள்ளே ஓடும் தண்டின் முனைகளில் மென்மையான மெத்தை வைத்திருப்பார்கள். கீழே இடிக்கும் சத்தமும் மேலே திரும்பும் சத்தமும் அடங்கிவிடும். தொடுவதற்குக் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், சிலருக்குப் பிடிப்பதில்லை. தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் அடிப்பவருக்கு வேறு வழியில்லை.

பாளை முல்லை:
மிக்க நன்றி தம்பி. ஒரு சந்தேகம். தமிழ் எழுத்து பொறித்த ஒளிரும் விசைகள் கிடைக்குமா? தமிழ்99 எனக்குப் பார்க்காமல் அடிக்க வரும், ஆனால் ஷிஃப்டோடு வரும் ஸ, ஷ, ஜ, ஹ ஆகியவற்றில் இன்னும் தடுமாறுகிறேன். பழைய தாய்ப்பத்திரங்களைப் பார்த்து அடிக்கும்போது ஜமீன், ஹக்கு, ஷரத்து என்று அவைதான் அதிகம் வருகின்றன.

வண்ணார்பேட்டை கடை:
கடையில் தினமும் நாலு பேராவது கேட்கும் கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விசை மூடிகள் மூன்று விதமாக வருகின்றன. முதல் வகையில் ஒளி புகும் பிளாஸ்டிக்கின் மேல் கறுப்பு வண்ணம் பூசி, லேசரால் எழுத்தின் வடிவில் அந்த வண்ணத்தைச் சுரண்டியிருப்பார்கள். எந்த மொழி எழுத்தையும் இப்படிச் செய்யலாம். குறை என்னவென்றால் வண்ணம் தேய்ந்தால் எழுத்தின் ஓரம் கரைந்து வெளிச்சம் பரவிவிடும், அடிக்கடி தொடும் விசைகள் முதலில் போகும். இரண்டாவது, இரட்டை வார்ப்பு. எழுத்து ஒரு பிளாஸ்டிக், சுற்றியுள்ளது வேறொரு பிளாஸ்டிக். எழுத்து அழியவே அழியாது. ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி அச்சு வேண்டும். ண, ஐ, ழ போலச் சுழியும் வளைவும் நிறைந்த எழுத்துகளை அப்படி வார்ப்பது சிரமம். நான் பார்த்தவரை தமிழில் யாரும் செய்து தரவில்லை. மூன்றாவது, சாயம் ஏற்றியது. தொட நன்றாக இருக்கும், ஆனால் ஒளி உள்ளே புகாது.

தமிழ் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம் என்று சிலர் வாங்கிப் போகிறார்கள். ஒட்டியதும் ஆங்கில எழுத்தின் வெளிச்சமும் மறைந்துவிடுகிறது. விளக்குக்குக் கொடுத்த பணம் வீண். எனவே தமிழை விரலுக்கு விட்டுவிடுங்கள். ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் மேல்வரிசையில் இடக்கையில் அதே வரிசையில் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன, ஒரு வாரத்தில் பழகிவிடும். விளக்கை எண்களுக்கும் குறியீடுகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தளம்பாறை:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இதைக் கவனிக்காமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். பின்விளக்கு இருப்பதும் எழுத்து ஒளிர்வதும் ஒன்றல்ல. கீக்ரானையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் தொடங்கிய நிறுவனம், குறுகிய காலத்தில் நல்ல பெயர் வாங்கிவிட்டது, எனக்கும் மிகப் பிடிக்கும். அவர்களுடைய வி வரிசையில் எல்லா நிறத்திலும் விளக்கு இருக்கிறது, ஆனால் கூடவே வரும் மூடிகளில் ஒளி புகாது. விசைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் வண்ணம் வழியும். எழுத்து இருட்டாகவே இருக்கும். மேசை அழகாகத் தெரியும், இருட்டில் 7 எங்கே 8 எங்கே என்று தேட அது உதவாது.

அடுத்தது, விளக்கு சுவிட்சின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. மேல்பக்கம், அதாவது திரையை நோக்கி இருந்தால் மூடியின் மேல்பாதியில் உள்ள எழுத்து பளிச்சென்று தெரியும், கீழ்ப்பாதி மங்கிவிடும். கீழ்ப்பக்கம், நம்மை நோக்கி இருந்தால் நேர்மாறாக நடக்கும். பத்திரம் அடிப்பவர் எண் வரிசையை உற்றுப் பார்க்க வேண்டும். சில மூடிகளில் ஆச்சரியக்குறி மேலேயும் 1 கீழேயும் இருக்கும். விளக்கு மேல்பக்கம் இருந்தால் குறி ஒளிரும், எண் மங்கும். சில நிறுவனங்கள் இரண்டையும் மேல்பாதியிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். அப்படிப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள். நிறுவனத்தின் பெயரைவிட இந்தச் சின்ன விஷயம்தான் உங்கள் கண்ணைக் காப்பாற்றும்.

தேரிக்காட்டிலிருந்து:
திசையன்விளையில் கணினி மையம் வைத்திருக்கிறேன். விளக்கு, சத்தம் எல்லாம் பேசுகிறீர்கள். தூசியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் வீசும் காற்றில் செம்மண் கதவிடுக்கு வழியாகவும் வந்து இறங்கும். மெக்கானிக்கல் சுவிட்சுக்கு உள்ளே ஒரு துகள் போனால் ஒரு முறை அழுத்தினால் எழுத்து இரண்டு முறை விழும். பத்திரத்தில் ஒரு சர்வே எண்ணில் ஒரு 4 கூடுதலாக விழுந்தால் என்ன ஆகும் என்று அக்காவுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கைல் நிறுவனம் 'பாக்ஸ்' என்று ஒரு வகை செய்கிறது. மின்தொடர்பு நடக்கும் இடத்தைத் தனியாக ஒரு சிறு பெட்டிக்குள் அடைத்திருப்பார்கள். தூசிக்கும் நீருக்கும் ஐபி56 தரம் சொல்கிறார்கள். என் மையத்தில் அவைதான் இன்றுவரை தொல்லை இல்லாமல் ஓடுகின்றன. உவரி, இடிந்தகரை போல உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

வண்ணார்பேட்டை கடை:
தேரிக்காட்டு அண்ணாச்சி சொல்வது முழு உண்மை. பாளையில் அவ்வளவு தூசி இல்லை என்றாலும் சுவிட்ச் ஒருநாள் பழுதாகத்தான் செய்யும். அதனால் சாலிடர் செய்யாமல் கழற்றி மாட்டும் சாக்கெட் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். 'ஹாட் ஸ்வாப்' என்று பெட்டியில் போட்டிருக்கும். ஒரு சுவிட்ச் போனால் இடுக்கியால் பிடுங்கிப் புதியதைச் செருகிவிடலாம். இல்லாவிட்டால் ஒரு விசைக்காக முழுக் கீபோர்டையும் பிரித்துச் சூட்டுக்கோல் வைக்க வேண்டும்.

இதிலும் ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த சில மாடல்களின் சாக்கெட் துளை சிறியது, அவுட்டெமுவின் மெல்லிய கால்கள் மட்டும்தான் நுழையும். கேட்டரான், செர்ரி நுழையாது. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. இணையத்தில் வாங்கிய ஒரு கீபோர்டு வாடிக்கையாளர் ஒருவருக்குப் பழுதானது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். வாரண்டி இருந்தும் பெங்களூருக்குத் தன் செலவில் அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் வேறு மாடல் வந்தது. நிறுவனங்களை ஒப்பிடும்போது திருநெல்வேலியில் யார் வாங்கி வைத்துச் சரிசெய்து தருவார்கள் என்பதையும் ஒப்பிடுங்கள். சென்னையிலிருந்து கேட்பவருக்கு வேறு பதில், நமக்கு வேறு பதில்.

குறுங்குடி ஆசிரியர்:
தம்பிகள் சொன்னதைப் படித்தேன். ஒளி வேண்டும், ஓசை கூடாது என்றால் டிவிஎஸ் கோல்டு இந்த வீட்டுக்குப் பொருந்தாதுதான். அலுவலக மேசைக்கு அதை வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. ஆனால் சுவிட்சைப் பேசும்போது விரலைப் பேச மறந்துவிட்டீர்கள்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி அமைந்து, அரசு ஏற்ற விசைமுறை தமிழ்99. உயிரெல்லாம் இடக்கை, மெய்யில் பெரும்பகுதி வலக்கை. நல்ல அமைப்பு, மாணவர்களுக்கு மனமுவந்து சொல்லிக்கொடுத்தேன். ஆனால் வலக்கைச் சிறுவிரலின் பங்கைப் பாருங்கள். ந, ய, ண, ச, ஞ, ழ ஆறும் அந்த ஒரு விரலுக்கு. 'நஞ்சை நிலம்', 'புஞ்சை நிலம்', 'செய்து கொடுத்த கிரயப் பத்திரம்' என்று அடித்துப் பாருங்கள், அந்த விரல் எத்தனை முறை ஓடுகிறது என்று தெரியும். ஆங்கிலத்தில் அதே இடத்தில் ஒரு பி-யும் நிறுத்தக்குறிகளும்தான். ஆங்கிலத் தட்டச்சருக்கு ஏற்ற அழுத்தம் நமக்கும் ஏற்றது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மத்தளம்பாறை:
ஐயா, இந்த ஒரு கருத்துக்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன். இத்தனை ஆண்டு தமிழ்99-ல் எழுதியும் எனக்கு இது தோன்றவில்லை.

இதற்குத் தீர்வு இருக்கிறது. அண்ணாச்சி சொன்ன சாக்கெட் வகை என்றால் எல்லா விசைக்கும் ஒரே சுவிட்ச் போட வேண்டியதில்லை. மற்றவற்றுக்கு 45 கிராம் சிவப்பு, அந்த ஆறு விசைகளுக்கு மட்டும் கேட்டரானின் வெள்ளை. அது 35 கிராம் அழுத்தத்திலேயே இறங்கிவிடும். ஆறு சுவிட்சுக்குப் பெரிய செலவாகாது.

குறுங்குடி ஆசிரியர்:
யோசனை நல்லது, ஆனால் முழுதாக ஏற்க மாட்டேன். சிறுவிரல் ஓய்வாக அமரும் இடம் ந. அவ்வளவு இலேசான சுவிட்சை அங்கே வைத்தால் விரலின் பாரத்திலேயே வேண்டாத ந விழும். ரெமிங்டனில் பழகியவர்கள் விரலைத் தூக்கியே வைத்திருப்பார்கள், அவர்களுக்குச் சிக்கலில்லை. கணினியிலேயே கற்றவர்கள் விரலைச் சாய்த்து வைப்பார்கள். எனவே ந-வுக்குச் சிவப்பே இருக்கட்டும். எட்டிப் போய் அழுத்த வேண்டிய ண, ச, ஞ, ய, ழ ஐந்துக்கு மட்டும் இலேசானதைப் போடுங்கள்.

மத்தளம்பாறை:
ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் ஒரு விஷயம், அந்த வெள்ளை சத்தம் அடக்கிய வகை அல்ல. பக்கத்திலுள்ள சைலன்ட் ரெட் அமைதியாக இருக்க, இந்த ஐந்து மட்டும் லேசாகத் தட்டும். முதலில் ஐந்திலும் சைலன்ட் ரெட் போட்டே அடித்துப் பாருங்கள் அக்கா. விரல் வலித்தால் மட்டும் மாற்றுங்கள்.

தச்சை மாணவன்:
லாஜிடெக் பற்றி யாரும் சொல்லவில்லையே? எம்எக்ஸ் மெக்கானிக்கல் என்ற மாடலில் கையை அருகே கொண்டுபோனதும் விளக்கு எரியும், எடுத்தால் அணையும், அறையின் வெளிச்சத்துக்கு ஏற்பத் தானே கூடும் குறையும்.

மத்தளம்பாறை:
மிக நல்ல பொருள் தம்பி. விளக்கோடு 15 நாள், விளக்கில்லாமல் 10 மாதம் சார்ஜ் தாங்கும் என்கிறார்கள். விசைகள் தாழ்வானவை என்பதால் மணிக்கட்டுக்கும் இதம். ஆனால் விலை அக்காவின் வரம்பை வெகுவாகத் தாண்டும், சுவிட்சைக் கழற்றி மாட்டவும் முடியாது.

கீக்ரானில் எண் பகுதியோடு வேண்டுமென்றால் கே4, கே10 இரண்டையும் பார்க்கலாம். கே10 முழு அளவு. கே4 எண் பகுதியை நெருக்கி வைத்தது, மேசையில் இடம் மிச்சமாகும். இவற்றில் பல வகைகள் உண்டு. ஒளி புகும் மூடியா, கழற்றும் சாக்கெட்டா என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆறாயிரத்துக்குள் அடங்காவிட்டால் ரெட்ராகன், காஸ்மிக் பைட் போன்றவற்றில் சாக்கெட் நல்லதாக உள்ள மாடலை எடுத்து, சைலன்ட் ரெட் தனியாக வாங்கி மாட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். கீபோர்டின் வெளிக்கூடு சுமாராக இருந்தாலும் விரலுக்குக் கிடைப்பது முதல்தரச் சுவிட்சாக இருக்கும். ஒரே இடத்தில் உட்கார்ந்து அடிப்பவருக்கு ப்ளூடூத் வேண்டாம், கம்பி போதும். பேட்டரி கெடும் கவலையும் இல்லை.

பாளை முல்லை:
எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. எந்த நிறுவனம் என்று கேட்டு வந்தேன். எதைக் கேட்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. வெள்ளை விளக்கு மட்டும் எரிவது போதும், நிறங்கள் எனக்கு வேண்டாம். எண் வரிசையில் எண் மேல்பாதியில் இருக்க வேண்டும், சாக்கெட் கேட்டரானை ஏற்க வேண்டும், சைலன்ட் ரெட். வண்ணார்பேட்டை அண்ணாச்சி, இப்படி ஒன்று உங்கள் கடையில் இருக்கிறதா? ஸ்பேஸ் பார் சத்தம் மட்டும் இன்னும் பயமாக இருக்கிறது. அலுவலகத்தில் மற்றவர்களின் கீபோர்டில் அதுதான் டக் டக்கென்று கேட்கிறது.

வண்ணார்பேட்டை கடை:
இரண்டு மாடல் இருக்கின்றன தங்கச்சி. சைலன்ட் ரெட் வரவழைக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். ஸ்பேஸ் பார் சத்தம் சுவிட்சால் வருவதல்ல, அதன் அடியில் இரு முனைகளையும் தாங்கும் கம்பி ஆடுவதால் வருவது. என்டர், பேக்ஸ்பேஸ் விசைகளிலும் அது உண்டு. கம்பியின் முனைகளில் சிலிகான் கிரீஸ் தடவித் தருகிறேன், அடங்கிவிடும்.

வரும்போது லேப்டாப்பையும் ஒரு பழைய பத்திர நகலையும் எடுத்து வாருங்கள். கடையின் உள்ளறையில் விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு கீபோர்டிலும் சொத்து விவரப் பக்கம் முழுவதையும் அடித்துப் பாருங்கள். எந்த எண்ணையாவது தேட வேண்டி வந்தால் அந்தக் கீபோர்டை அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். பில்லில் வரிசை எண்ணை எழுதித் தருகிறேன், கூடவே நான்கு சுவிட்சும் இடுக்கியும் எடுத்துப் போங்கள்.